இருபத்தைந்து றாத்தல்

வின்னிபெக்
12.01.2024

அப்பாவுக்கு,

பதினான்கு மாதமாக உங்கள் அழைப்பை நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப் போவதில்லை. உங்கள் குரலைக் கேட்டால், அம்மா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மூன்று நாளும் அதே குரலில் நீங்கள் சொன்னதுதான் எனக்குக் கேட்கும். "சின்னக் காய்ச்சல்தான் பிள்ளை, நீ வேலைக்குப் போ." சவப்பெட்டி கோவிலுக்குள் வந்த பிறகு, பக்கத்து வீட்டுச் சூசையம்மா அன்ரி போனில் அழுதுதான் எனக்குத் தெரிய வந்தது. இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும்.

நான் வேலை செய்யும் பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே வில் எய்யப் பழக்குகிறார்கள். குறி பார்க்கும் கண்ணாடி, நாண் சுற்றி ஓடும் சில்லு ஒன்றும் இல்லாத மரவில். இரண்டு முனையும் முன்பக்கமாகத் திரும்பி வளைந்திருக்கும். இங்கே ரிகேர்வ் என்கிறார்கள். இரண்டு மாதமாக இரவல் வில்லில் எய்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரர் முப்பத்தைந்து பவுண்ட் இழுவை எடு, ஒரு மாதத்தில் கை பழகிவிடும் என்கிறார். பழக்குகிற பெண், இருபத்தைந்துக்கு மேலே தொடாதே, கூடின பாரத்தில் தொடங்கினவர்களெல்லாம் தோளைக் கெடுத்துக்கொண்டு போனவர்கள் என்கிறாள். வில்லில் எழுதியிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் "28 அங்குலம்" என்றும் இருக்கிறது. அது என்னவென்று இரண்டு பேரும் எனக்கு விளங்கச் சொல்லவில்லை. கையை விரித்தால் என் நீளம் அறுபத்தைந்து அங்குலம்.

ஏன் வில் என்று கேட்க வேண்டாம். உயர்தரம் படிக்கும் வரை என் பள்ளிக்கூடப் பையைக்கூட நீங்கள்தான் தூக்கினீர்கள். முப்பத்தொன்பது வயதில் ஒரு பாரத்தை நானே இழுத்துப் பிடிக்க ஆசையாக இருக்கிறது.

அம்மா விஷயத்தில் பொய் சொன்னீர்கள். கணக்கு வாத்தியார், கணக்கில் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடிதமாகவே எழுதுங்கள்.

ஜெனீற்றா


நாரந்தனை
09.02.2024

அன்பு மகள் ஜெனீற்றாவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் கடிதத்தை உடைக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன். இதற்கும் நீ கோபிக்கக்கூடும்.

அம்மாவைப் பற்றி முதலில் நான்கு வரி எழுதி வெட்டியிருக்கிறேன். மேலே மை கறுத்திருக்கும் இடம் அதுதான். கணக்குக்கு வருகிறேன்.

நான் வில்லைக் கையால் தொட்டவன் அல்ல. அம்புகளை மட்டும், அதுவும் கோவிலில் செபஸ்தியாரின் உடம்பில் கண்டிருக்கிறேன். ஆகவே வேலணை நூலகத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் போய், அங்குள்ள கணினியில் படித்துக் குறிப்பெடுத்தேன். பிழை இருக்கலாம். பழக்குகிற பெண்ணிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்.

விரித்த கைகளின் நீளத்தை இரண்டரையால் வகுத்தால் ஒருவர் நாணை எவ்வளவு தூரம் இழுப்பார் என்பது கிட்டத்தட்ட வரும். உனக்கு இருபத்தாறு அங்குலம். வில்லில் எழுதியிருக்கும் பாரமோ இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் வருவது. குறைகிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு, இரண்டரை றாத்தல், நீ பவுண்ட் என்று எழுதுவது, குறையும். எனவே முப்பது என்று எழுதிய வில் உன் விரலில் ஏறக்குறைய இருபத்தைந்துதான். கடைக்காரரின் முப்பத்தைந்து உனக்கு முப்பது. அது எனக்குக் கூடுதலாகவே தெரிகிறது. ஆனால் எனக்கு எல்லாமே கூடுதலாகத் தெரியும் என்று நீ சொல்வாய்.

ஒரு சோதனையும் படித்தேன். நாணை முகம் வரை இழுத்துப் பிடித்து, பத்து வரை எண்ண வேண்டும். கை நடுங்காவிட்டால் அது உனக்குரிய வில்.

இன்னொன்று. ஒரே துண்டாகச் செய்த வில் அழகாம். நீ மூன்று துண்டாகக் கழற்றுகிற வில்லை எடு. நடுக்கட்டை அப்படியே இருக்க, மேலும் கீழும் உள்ள தகடுகளை மாற்றிப் பாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிழையாக எடுத்திருந்தாலும் திருத்தலாம்.

இருபத்தைந்து றாத்தல் என்பது இழுக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியாமல் உனக்குச் சொல்வது சரியல்ல. மீன் வாங்குகிற தம்புவிடம் தொங்கல் தராசு இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

அப்பா


நாரந்தனை
14.02.2024

ஜெனீற்றா,

முந்திய கடிதம் உன் கைக்கு வருமுன் இது வந்துவிட வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இருபத்தைந்து வேண்டாம்.

தம்புவின் தராசைக் கிணற்றுக் கப்பிக்குப் பக்கத்தில் கட்டி, உரப்பையில் மண் போட்டு, முள் இருபத்தைந்தில் நிற்கும் வரை நிறுத்தேன். பிறகு பையைக் கப்பிக் கயிற்றில் தொங்கவிட்டு, மறு நுனியை வில்நாண் மாதிரி மூன்று விரலால் பிடித்துக் கன்னத்துக்கு இழுத்தேன். பாதி தூரம்கூட வரவில்லை. தோளுக்குள் ஏதோ நொறுங்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இப்போது எழுதுவதும் மெல்லமாகத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சூசையம்மா, "வாத்தியார், வில்லுப் பழகி முடிஞ்சால் முதல் அந்தக் காகத்தை எய்யுங்கோ, என்ர கருவாடு முழுக்கத் திண்டிட்டுது" என்றா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்தைந்து மனிதர் இழுக்கிற பாரம் அல்ல, பிள்ளை. உனக்கு இழுக்க ஏலாமல் போனால் அது உன் பிழை இல்லை. எந்தப் பெண்ணுக்கும் ஏலாது. இருப்பதில் ஆகக் குறைந்ததை எடு.

அப்பா


வின்னிபெக்
24.03.2024

அப்பாவுக்கு,

உங்கள் முதல் கடிதம் ஒரு மாதத்துக்கு முன் வந்தது. இரண்டாவது எங்கே சுற்றியதோ, புதன்கிழமைதான் வந்தது.

முதல் கடிதத்தின்படி மூன்று துண்டு வில் வாங்கினேன். நடுக்கட்டை கடும் மண்ணிறம், நம் வீட்டு அலுமாரியின் நிறம். தகடுகளில் முப்பது என்று எழுதியிருக்கிறது. மண்டபத்துத் தராசில் பிடித்துப் பார்த்தோம். இருபத்தாறு அங்குலத்தில் சரியாக இருபத்தைந்து. உங்கள் கணக்கு ஒரு றாத்தல்கூடப் பிழைக்கவில்லை என்று பழக்குகிற பெண்ணிடம் பெருமையடித்தேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இல்லை. சொல்கிறேன்.

முதல் வாரம் பத்து வரை எண்ணினேன். கை நடுங்கவில்லை. மூன்றாம் வாரம் ஏழு. போன சனிக்கிழமை நான்கு. பழகப் பழகக் கூட வேண்டியது குறைந்துகொண்டு போனது. வேலையிடத்திலும் ஒரு தட்டுப் பாணைக் கீழே போட்டுவிட்டேன். வீட்டில் கேத்தல் விழுந்தது. பயந்து வைத்தியரிடம் நாள் குறித்தேன்.

அதற்குள் உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. எந்தப் பெண்ணுக்கும் ஏலாது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் குசினியில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை உங்கள் பயம் எனக்கு உதவியது. வைத்தியருக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தகடுகளை மாற்றி இருபதுக்கு இறங்கியிருக்கிறேன்.

உங்கள் தோள் எப்படி?

ஜெனீற்றா


நாரந்தனை
20.04.2024

அன்பு மகளுக்கு,

தோள் சுகம். எண்ணெய் பூசினேன். நீ கேட்டதே போதும்.

உயிர்த்த ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. வெயில் கடுமை. கிணற்றில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிட்டது. தம்பு தராசைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

இருபதில் எத்தனை வரை எண்ணுகிறாய் என்று நீ எழுதவில்லை. நேரம் கிடைத்தால் எழுது.

வைத்தியரிடம் ஒருமுறை காட்டினால் நல்லதோ என்று ஓர் எண்ணம். கட்டாயம் என்று சொல்லவில்லை. உன் உடம்பு உனக்குத் தெரியும். ஆனாலும் குறித்த நாளை ஏன் விட வேண்டும் என்று தோன்றியது. நான் எழுதிய இரண்டாவது கடிதத்தை நீ மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரத்தில் எழுதினது.

இதை இரண்டு தரம் வேறு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன்.

அப்பா


வின்னிபெக்
22.06.2024

அப்பா,

எண் கேட்டீர்கள். இருபதில் ஏப்ரலில் எட்டு, மே கடைசியில் மூன்று. இந்த மாதம் இன்னும் மெல்லிய தகடு போட்டிருக்கிறேன். பதினாறு. அதில் ஆறு.

பதற வேண்டாம். பாரம் குறைந்த வில்லில்தான் முறை சரியாகப் படியும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எய்யும்போது தோளை உயர்த்துகிறேனா, முழங்கை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கவனிக்க அவகாசம் கிடைக்கிறது. எட்டு கஜத் தூரத்தில் ஆறு அம்பில் நான்கு நடு மஞ்சளில் விழுகிறது.

பேக்கரியில் என்னைக் காசு வாங்கும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான், உட்காரக் கதிரை இருக்கிறது.

நீங்கள் ஏன் போன கடிதத்தில் வைத்தியர் என்று எழுதினீர்கள்? எழுதுவதானால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் விடுங்கள்.

ஜெனீற்றா


நாரந்தனை
18.08.2024

ஜெனீற்றா,

காரணத்தோடு எழுதச் சொன்னாய். நான்கு வாரமாக எழுதுகிறேன். இதை இன்றே தபாலில் போடாவிட்டால் இதுவும் அலுமாரிக்குள் போய்விடும். அங்கே பெப்ரவரியில் எழுதிய ஒன்று கிடக்கிறது.

பெப்ரவரி பதினேழாம் திகதி தம்பு தராசை எடுக்க வந்தார். கிணற்றடியில் உரப்பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றித் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியார், இருபத்தைஞ்சு கிலோ மண்ணை ஆருக்குத் தூக்கில போட்டிருக்கிறியள்?" என்று கேட்டார்.

கிலோ. அவர் சொன்ன பிறகுதான் நான் முள்ளுக்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் ஐயாவின் மீன் தராசு றாத்தலில் இருந்தது. நூலகத்தில் படித்ததும் றாத்தலில். இன்றும் கடையில் ஒரு றாத்தல் பாண் என்றுதான் கேட்கிறேன். என் கண் எண்ணை மட்டும் பார்த்தது. நான் இழுத்தது ஐம்பத்தைந்து றாத்தல். அலகு எழுதாத விடைக்கு அரைப் புள்ளி வெட்டியவன் நான். உனக்கும் வெட்டியிருக்கிறேன், பத்தாம் வகுப்பில். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தம்புவிடம் அன்றே இன்னொருமுறை நிறுத்துத் தரச் சொன்னேன். பதினொரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். சரியான இருபத்தைந்து றாத்தல் அதுதான். நோகிற தோளோடு கன்னம் வரை இழுத்தேன். பத்து வரை எண்ணினேன்.

அன்று இரவே உனக்குத் திருத்தி எழுதினேன். காலையில் வாசித்தபோது வெட்கமாக இருந்தது. கணித வாத்தியார் தராசு வாசிக்கத் தெரியாதவர் என்று நீ நினைப்பாய் என்று தோன்றியது. முதல் கடிதம் சரியாகத்தானே இருக்கிறது, பிள்ளை அதைப் பார்த்து வாங்கும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு உன் மார்ச் கடிதம் வந்தது. என் பிழையை நம்பி நீ வைத்தியரை விட்டாய் என்று வாசித்தேன். எழுபத்துமூன்று வயதில் நான் பத்து வரை பிடித்த பாரத்தை முப்பத்தொன்பது வயதில் நீ நான்கு வரைதான் பிடித்தாய் என்றும் வாசித்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரலில் ஒருமுறை உனக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. ஓய்ந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அதையும் ஒளிக்கக் கூடாது.

அம்மாவின் மூன்று நாளும் இதே மாதிரித்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு அவளுக்குக் கொஞ்சம் சுகமாகிவிடும், சுகமான செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. நல்ல செய்திக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. முதல் கடிதத்தில் மை பூசி அழித்த நான்கு வரி இதுதான்.

நீ அனுப்பிய எண்களைக் கட்டம் போட்ட கொப்பியில் வரைந்தேன். பழகுகிறவரின் கோடு மேலே போக வேண்டும். உன்னுடையது ஒவ்வொரு தகட்டிலும் கீழே வருகிறது. வில்லின் பிழையானால் பாரத்தைக் குறைத்தவுடன் நின்றிருக்கும். அளவுகோலை வைத்துக் கோட்டை நீட்டினால் எந்த மாதத்தில் அடியைத் தொடும் என்று தெரியும். அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

வைத்தியரிடம் போ. இந்த முறை நல்லதோ என்று எழுதவில்லை. போ.

அப்பா


வின்னிபெக்
06.10.2024

அப்பா,

போனேன். உங்கள் கடிதம் வருவதற்கு முதலே, யூலையில் போய்விட்டேன். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சதை குழிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் வைத்தியர் வேறு ஒரு வைத்தியரிடம் அனுப்பினார். அவர் இன்னொருவரிடம். கையில் ஊசி ஏற்றி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போகிற வியாதி. கையில் தொடங்கியிருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு. திருப்ப மருந்து இல்லை. ஒக்டோபர் வரை உங்களுக்குச் சொல்லாமல் இருந்தேன். நானும் நல்ல செய்திக்குத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

மார்ச்சிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். பெரிய வித்தியாசம் இராது என்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் மாவைப் பவுண்டிலும் கிலோவிலும் நிறுக்கிறவள். உங்கள் இரண்டாவது கடிதத்தை முதல் தரம் வாசித்தபோதே நீங்கள் கிலோ தராசைப் பார்த்திருக்கிறீர்கள் என்று விளங்கிவிட்டது. இருபத்தைந்து பவுண்ட் மாவை நான் ஒரு கையால் தூக்கி வைத்தவள். பிறகும் மூன்று தரம் வாசித்தேன். அந்தப் பிழை எனக்குத் தேவைப்பட்டது. அதனால் உங்களைத் திருத்தவில்லை. ஆகவே அதை நீங்கள் தனியே தூக்க வேண்டாம். பாதி என்னுடையது.

சனிக்கிழமைகளில் இன்னும் போகிறேன். முகம் வரை நாண் வருவதில்லை. எங்கே நிற்கிறதோ அங்கே தராசைப் பிடித்துப் பார்க்கிறோம். நேற்று பதினான்கு. இரண்டு எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். அம்பு நிலத்தில் விழுந்தது.

இனி எண்களை உள்ளபடியே எழுதுவேன். நீங்களும் எதையும் குறைத்து எழுத வேண்டாம். போன் எடுக்கலாம். எடுப்பேன்.

ஜெனீற்றா


நாரந்தனை
02.11.2024

அன்பு ஜெனீற்றா,

ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டேன். இருபது நிமிடம். நான் "ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்று வைத்த பிறகுதான் தெரிந்தது. சொல்ல நினைத்தவற்றைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். வாசிக்க ஏலாமல் போய்விட்டது. உன்னிடம் வருவதற்கு நான் போட்ட கனடா விசா விண்ணப்பம் இரண்டாம் தடவையும் திரும்பி வந்திருக்கிறது என்பதும் அதில் இருந்தது. மூன்றாம் தடவை போடுவேன்.

மார்ச்சில் வந்திருந்தாலும் வித்தியாசம் இராது என்று வைத்தியர் சொன்னதாக எழுதியிருந்தாய். என் பிழையை நீ அப்போதே கண்டுபிடித்ததாகவும் எழுதியிருந்தாய். இவை உண்மையோ, நான் உனக்குச் சொல்லுவது மாதிரி நீ எனக்குச் சொன்னவையோ என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். பாதியை வைத்துக்கொள் என்று நீ சொன்னதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இன்று இறந்தோர் தினம். அம்மாவின் கல்லறையைக் கழுவி மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றுக்கு இரண்டு தரம் அணைந்தது. நீ வந்து நிற்க வேண்டிய இடத்தில் சூசையம்மா நின்றா. உன் வியாதி அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும் வழியில் தம்புவிடம் தராசை வாங்கி வந்தேன். உரப்பையில் மண் அள்ளினேன். ஆறு கிலோ முந்நூற்று ஐம்பது கிராம், அதாவது பதினான்கு றாத்தல். அலகை இரண்டு தரம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் பார்த்தேன். கப்பியில் தொங்கவிட்டு, மூன்று விரலால் பிடித்து இழுத்தேன்.

உள்ளபடி எழுதச் சொன்னாய். ஆகவே எழுதுகிறேன். இலகுவாக வந்தது, பிள்ளை. கன்னத்தைத் தொட்டது. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அறிய, கை நடுங்கும் வரை பிடித்திருப்போம் என்று எண்ணத் தொடங்கினேன். பத்து வந்தது. இருபது வந்தது. அறுபதிலும் நடுங்கவில்லை.

அப்பா